வளைகுடாவில் மரம் காத்தல்: வெயிலும் தண்ணீரும் உப்பும்

கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் உறவுகள் குளிர்காலம் தொடங்கும்போது முற்றத்தில் நிற்கும் இளமரங்களுக்குச் சணல்சாக்குச் சுற்றிவிடுவார்கள். உறைபனிக் காற்று ஒரு பக்கம், தெருவில் பனியை உருக்கக் கொட்டும் உப்பு இன்னொரு பக்கம். இரண்டிலிருந்தும் மரத்தைக் காப்பதற்காக. வளைகுடாவில் இருக்கும் நாங்களும் சாக்குச் சுற்றுகிறோம். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில், அடிமரத்துப் பட்டை வெயிலில் வெந்து வெடிக்காமல் இருப்பதற்காக. எங்களுக்கும் உப்புப் பயம் இருக்கிறது. அது தெருவிலிருந்து வருவதில்லை. மரத்துக்கு நாங்கள் நாள்தோறும் விடுகிற தண்ணீரோடு வருகிறது.

இங்கே வீட்டுவளவில் ஒரு வேம்போ முருங்கையோ வைத்திருக்கும் எம்மவர்கள் நிறையப் பேர். லான்ட்ஸ்கேப் கொம்பனிகளில் மேற்பார்வையாளராக, குழாய் வேலைக்காரராக, சாரதியாக, கணக்காளராக வேலை செய்பவர்களும் குறைவில்லை. நாங்கள் அந்தக் கடைசி வகை. தாவரவியல் படித்தவர்கள் அல்ல. வர்த்தகப் பட்டத்தோடு வந்து பேரேடு எழுதியவர்கள். மரங்களைப் பற்றி நாங்கள் கற்றது, செத்த மரங்களுக்கு எழுதிய வவுச்சர்களிலிருந்து தொடங்கியது.

கட்டட வேலையோடு சேர்த்து மரம் நடும் ஒப்பந்தங்களில், வேலையை ஒப்படைத்த பிறகும் ஒரு பராமரிப்புக் காலம் உண்டு; பெரும்பாலும் ஒரு வருடம். அந்தக் காலத்துக்குள் பட்டுப்போகும் மரத்துக்குப் பதில் மரத்தை ஒப்பந்தக்காரரே தன் செலவில் வைக்க வேண்டும். எங்கள் பேரேட்டில் அதற்கென்று தனிக் கணக்கு இருந்தது. ஒவ்வொரு ஆண்டும் ஒக்டோபரில் அது வீங்கும். காரணம் என்ற கட்டத்தில் பொறியியலாளர் எழுதி அனுப்புவது ஒரே சொல்: வெயில். நாங்களும் கேள்வி கேட்காமல் பதிவோம். 2016 ஜூலையில் குவைத்தின் மித்ரிபாவில் 53.9 பாகை செல்சியஸ் பதிவானது. 2025 மே மாதத்தில் அபுதாபியின் சுவைஹானில் 51.6 பாகை. இப்படியான நாடுகளில் வெயில் என்று எழுதினால் யார் மறுத்துப் பேசுவார்கள்?

ஒரு வருடம், வாகனத் தரிப்பிடம் ஒன்றின் ஓரத்தில் வரிசையாக நின்ற வேம்புகள் ஒவ்வொன்றாக மஞ்சளித்து இலை கொட்டின. தண்ணீர் போதவில்லை என்று சொல்லி இறைப்பு நேரத்தை இரட்டிப்பாக்கினார்கள். மரங்கள் இன்னும் வேகமாகச் செத்தன. தஞ்சாவூர்ப் பக்கத்துப் போர்மன் ஒருவர், எங்களோடு தேநீர் குடிக்க வருபவர், ஒரு மரத்தைத் தோண்டிக் காட்டினார். கணக்குப் பிரிவு ஆட்கள் வேலைத்தளத்தைப் பார்க்க வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. வேர்கள் கறுத்து, தொட்டால் தோல் கழன்று, சேற்று நாற்றம் அடித்தது. ஒரு முழத்துக்குக் கீழே, கட்டடக்காரர் உருளை விட்டு இறுக்கிய கல்மண். அதற்கு மேலே நல்ல மண்ணைப் போட்டு மரத்தை வைத்திருக்கிறார்கள். ஊற்றிய தண்ணீர் இறங்க வழியில்லாமல் சட்டிக்குள் நிற்பதுபோல நின்றிருக்கிறது.

"சார், இது தாகத்துல சாகல. மூச்சு முட்டிச் செத்திருக்கு" என்றார் அவர்.

அன்று அவர் சொல்லித்தந்த சோதனையை இன்றும் எல்லோருக்கும் சொல்லி வருகிறோம். மரம் நடுவதற்கு முன் குழியைத் தோண்டித் தண்ணீரால் நிரப்புங்கள். அது இறங்கிய பின் இன்னொரு தடவை நிரப்பிப் பாருங்கள். வெறும் மணல் என்றால் நிமிடக் கணக்கில் போய்விடும். அடுத்த நாள் காலையிலும் தண்ணீர் நின்றால், அலவாங்கால் அந்த இறுகிய படையை உடைத்து வழி செய்யாமல் அங்கே மரம் வைக்கக் கூடாது. ஒரு பீப்பாத் தண்ணீர்ச் செலவு. அந்த வேம்பு வரிசைக்கு யாரும் இதைச் செய்து பார்க்கவில்லை.

உப்புக் கணக்கு

வளைகுடா நகரங்களில் தெருவோர மரங்களுக்கும் பூங்காக்களுக்கும் பெரும்பாலும் போவது சுத்திகரித்த கழிவுநீர். ரி.எஸ்.ஈ. என்றே வேலைத்தளத்தில் சொல்வார்கள். வீட்டுக் குழாயில் வருவது கடல்நீரிலிருந்து உப்பு நீக்கிய தண்ணீர். பண்ணைகளுக்கும் பழைய தோட்டங்களுக்கும் கிணற்று நீர். அது பல இடங்களில் உவர். ஓமானின் பாத்தினா கரையோரத்தில், அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறித் தோட்டங்கள் கெட்டன. யாழ்ப்பாணத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு உவர்க் கிணறாக மாறியதைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல.

மரம் தண்ணீரை உறிஞ்சும்போது அதில் கரைந்திருக்கும் உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடுகிறது. மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் தண்ணீரும் அப்படித்தான். ஒரு லீற்றரில் ஒரு கிராம் உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது வாயில் வைத்தால் பெரிதாகத் தெரியாத அளவு. ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் விட்டால் 50 கிராம் உப்பு. வருடத்துக்கு 18 கிலோவுக்கும் மேல். ஒரு மரத்தடியில் வருடந்தோறும் பதினெட்டுக் கிலோ உப்பை யாராவது கொட்டினால் நாங்கள் சண்டைக்குப் போவோம். சொட்டுக் குழாய் அதைச் சத்தமில்லாமல் செய்கிறது. வேறு நாட்டில் என்றால் மழை அதைக் கழுவிக் கீழே கொண்டுபோகும். இங்கே ஆண்டு மழை சராசரியாக 100 மில்லிமீற்றர் அளவில்தான். உப்புக்கு வரவு மட்டும் உண்டு, செலவு இல்லை.

செலவை நாங்களே உண்டாக்க வேண்டும். மரத்துக்குத் தேவையான தண்ணீருக்கு மேலே இன்னும் 15 முதல் 20 வீதம் கூடுதலாக விட்டு, உப்பை வேர்ப் பகுதிக்குக் கீழே தள்ளுவதுதான் வழி. இதை நாள்தோறும் செய்யத் தேவையில்லை. இடைக்கிடை ஒரு முழு இரவு நிதானமாக விட்டாலும் நடக்கும். ஆனால் தண்ணீர் இறங்கும் மண்ணில்தான் இது பலிக்கும். அந்த வேம்பு வரிசையில் செய்திருந்தால் மூச்சு முட்டுவது இன்னும் கூடியிருக்கும். அதனால்தான் குழிச் சோதனையை முதலில் சொன்னோம்.

சொட்டுக் குழாய் நனைக்கும் வட்டத்தின் விளிம்பில் வெள்ளைப் பூச்சாகத் தெரிவது உப்பு. சொட்டு விழும் இடத்தில் உப்புக் குறைவு, ஓரத்தில் அதிகம். இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. டிசெம்பரில் ஒரு தூறல் மழை பெய்தால் உடனே டைமரை நிறுத்திவிடுவது எல்லோரதும் பழக்கம். அந்தச் சிறுமழை ஓரத்து உப்பைக் கரைத்து வேருக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடும். சிறுமழை பெய்யும்போது சொட்டுக் குழாயை ஓட விடுவதுதான் சரி. பைத்தியக்காரத்தனம்போலத் தெரியும். முதலில் நாங்களும் தண்ணீர்க் கட்டணத்தைக் காட்டித் தடுத்தவர்கள்தான். பெருமழை வேறு விடயம். 2024 ஏப்ரல் 16ஆம் திகதி அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254.8 மில்லிமீற்றர் கொட்டியதே, அப்படியான நாளில் மரத்தடியில் நிற்கும் தண்ணீரை வெட்டி விடுவதுதான் வேலை.

கையடக்க உப்பு அளவி ஒன்று வாங்கி வைத்திருப்பது நல்லது. அது மின்கடத்துத் திறனைக் காட்டும். 1 டெசிசீமன் என்று காட்டினால் லீற்றருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். பேரீச்சை தன் வேர் மண்ணில் 4 டெசிசீமன் வரை விளைச்சல் குறையாமல் தாங்கும்; அதற்கு மேலும் உயிரோடு நிற்கும். மாவும் தேசியும் அதில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது. டுபாயில் 1999 முதல் இயங்கும் சர்வதேச உவர்நில விவசாய மையம் இந்த உப்புத் தண்ணீரையே வைத்து என்ன வளர்க்கலாம் என்று ஆராய்வதற்காக அமைக்கப்பட்டது.

இலையைப் பார்த்து ஓரளவு பிரித்தறியலாம். முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் நெருப்புப் பட்டதுபோலக் காய்ந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். மரம் முழுக்க ஒரே நேரத்தில் வாடி, மாலையிலும் நிமிராவிட்டால் தண்ணீர்க் குறை. மண் ஈரமாக இருந்தும் வாடி மஞ்சளித்தால் வேர் அழுகல். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்து எடுபடவில்லை. இங்கே மண்ணில் சுண்ணாம்பு அதிகம், காரத்தன்மையும் அதிகம், ஆகவே இரும்பு மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. சாதாரண இரும்புச் சல்பேற்றைப் போட்டால் அதுவும் பிடிபட்டுவிடும். காரமண்ணுக்கென்று விற்கும் ஈ.டி.டி.எச்.ஏ. வகைச் சிவப்புத் தூளைக் கேட்டு வாங்க வேண்டும், விலை கூடத்தான். எந்தக் குறிக்கும் தண்ணீரைக் கூட்டுவதுதான் மருந்து என்று நினைப்பவர்களை இன்னும் பார்க்கிறோம்.

தண்ணீர் விடும் முறை

நாளுக்கு நான்கு தடவை ஐந்தைந்து நிமிடம் என்று டைமரை வைப்பது மரத்துக்குச் செய்யும் கெடுதல். மேல்மண் மட்டும் நனையும், வேர் மேலேயே நிற்கும், மேலே உப்பும் சேரும். பிறகு ஷமால் காற்று அடிக்கும்போது பெரிய மரம் தட்டைப்போலச் சாயும். விழுந்த மரத்தின் அடியைப் பார்த்தால் வேர் ஒரு பாய்போல விரிந்திருக்கும், ஆழமாக ஒன்றும் இருக்காது. இடைவெளி விட்டு, நீண்ட நேரம், ஆழமாக விட வேண்டும். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அறிய மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று போதும். நனைந்த மணலில் அது எளிதாக இறங்கும். காய்ந்த இடத்தில் நின்றுவிடும். பெரிய மரத்துக்குக் கம்பி முக்கால் மீற்றராவது இறங்க வேண்டும் என்பது அந்தப் போர்மன் வைத்திருந்த அளவு.

புதிதாக நட்ட மரத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதன் வேர் முழுவதும் இன்னும் நாற்றுமேடைப் பையின் அளவுக்குள்தான் இருக்கிறது. அந்தப் பைமண் ஒரு தடவை முழுதாகக் காய்ந்தால் சுருங்கி, தண்ணீரை ஏற்காமல் பக்கத்து மணலுக்கு வழியவிட்டுவிடும். மேலே ஈரம், உள்ளே தூசி. முதல் கோடை முழுவதும் அந்த உருண்டைக்கு நாள்தோறும் தண்ணீர் வேண்டும். இரண்டாம் ஆண்டிலிருந்து நாட்களைக் கூட்டி, அளவையும் கூட்டி, சொட்டு விழும் வட்டத்தை மெல்ல வெளியே நகர்த்த வேண்டும். நட்ட அன்று அடிமரத்தோடு ஒட்டி வைத்த இரண்டு சொட்டிகள் பத்து வருடம் கழித்தும் அதே இடத்தில் இருப்பதை எங்கும் காணலாம். தண்ணீரைக் குடிக்கும் வேர் நுனிகள் கிளைகளின் விளிம்புக்குக் கீழேயும் அதற்கு வெளியேயும் இருக்கின்றன. சொட்டு விழுவதோ தண்டின் தோலில்.

ஊரில் துலா மிதித்து வாய்க்காலில் விட்டபோது, பாத்தி நிறைந்து நிற்கும் வரை அடுத்த பாத்திக்கு மாற்ற மாட்டார்கள். பங்குக் கிணற்றில் ஆளுக்கு ஒரு முறை. முறை வந்த நாளில் ஆழமாக இறைத்துவிட்டு அடுத்த முறை வரை விடுவார்கள். அல் ஐன் சோலையில் இன்றும் ஓடும் பலஜ் வாய்க்கால்களிலும் அதே ஒழுங்குதான்: இன்ன தோட்டத்துக்கு இவ்வளவு நேரம் என்று நேரத்தால் பங்கிட்டு, மடையைத் திறந்து மூடுகிறார்கள். அந்தச் சோலையும் சுற்றியுள்ள தொல்லிடங்களும் 2011 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. ஓமானின் ஐந்து பலஜ்கள் அதற்கு முன்பே, 2006 இல். மேலே பேரீச்சை, அதன் நிழலில் மாவும் தேசியும், அதன் கீழே தீவனப்புல் என்று மூன்று தட்டாக நிற்பதைப் பார்த்தால், இந்த நிலத்தில் மாமரம் வளராது என்று சொல்பவர்கள் வெட்டவெளியில் வைத்துப் பார்த்தவர்கள் என்று தெரியும்.

வீட்டில் மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோடையில் மொட்டைமாடித் தாங்கியில் நிற்கும் தண்ணீர் நண்பகலில் கையில் பிடிக்க முடியாத சூடு. வெயிலில் கிடந்த கறுப்பு ரப்பர்க் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் அதைவிட மோசம். அதைக் கறிவேப்பிலைச் சாடிக்கு விட்டால் வேர் அவிந்துபோகும். விடிய முன் விடுங்கள். குழாயில் முதலில் வரும் சுடுநீரைப் பக்கத்தில் ஊற்றிவிடுங்கள். சாடியைக் கறுப்பு நிறத்தில் வாங்க வேண்டாம். வாங்கியிருந்தால் சாக்குச் சுற்றுங்கள். குளிரூட்டியிலிருந்து வடியும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. அதை வாளியில் பிடித்துப் பூமரங்களுக்கு விடலாம். ஈரமான ஓகஸ்ட் நாட்களில் வாளி சீக்கிரம் நிறையும்.

வேரடிக்குப் பேரீச்சை ஓலைத் துண்டுகளோ மரச்சீவலோ நான்கு விரல் தடிப்பில் மூடாக்காகப் போட்டால் ஆவியாதலும் குறையும், உப்பு மேலேறுவதும் குறையும். தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் போட வேண்டும்.

எந்த மரம்

ஐக்கிய அரபு இராச்சியம் 2008 இல் காஃப் மரத்தைத் தேசிய மரமாக அறிவித்தது. 2019 ஐச் சகிப்புத்தன்மை ஆண்டாகக் கொண்டாடியபோது சின்னத்தில் இருந்ததும் அதே மரம். அந்தக் காஃப் எது என்று பலருக்குத் தெரியாது. அது எங்கள் வன்னி மரம். விருத்தாசலம் கோயிலின் தலமரம். பாண்டவர்கள் மறைந்திருக்கப் போனபோது ஆயுதங்களைக் கட்டி ஒளித்து வைத்ததாகப் பாரதக் கதை சொல்லும் மரம். ராஜஸ்தானில் இதைக் கேஜ்ரி என்பார்கள். 1730 இல் கேஜர்லி ஊரில் இந்த மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து 363 பிஷ்னோய் மக்கள் உயிர் கொடுத்தார்கள். வன்னி என்ற சொல்லைக் கேட்டால் எங்களைப்போல ஊரை விட்டு வந்தவர்களுக்கு மரம் நினைவுக்கு வருவதில்லை, நிலம்தான் வரும். டுபாயிலிருந்து அல் ஐன் போகும் வழியில் மணல்மேட்டில் தனியாக நிற்கும் காஃப் ஒன்றைக் காட்டி இதுதான் வன்னி என்று ஒருவர் சொன்னபோது வாகனத்தை நிறுத்தி இறங்கி நின்றோம்.

இதன் வேர் 30 மீற்றர் வரை இறங்கும் என்பார்கள். அவரை இனம் என்பதால் வேரில் உள்ள கிருமிகள் காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும். பசளை அதிகம் கேட்காது. இலையை ஒட்டகம் தின்னும், பூவில் தேனீ மொய்க்கும். ஆனால் காஃப் என்று சொல்லி நாற்றுமேடையில் வேறு மரத்தைத் தந்துவிடுவதும் நடக்கும்: சீமைக் கருவேலம். இரண்டும் உறவு மரங்கள். சீமைக் கருவேலத்துக்கு முள் இணையிணையாகக் கணுவில் நீளமாக இருக்கும். காஃபின் முள் சிறியது, கணுக்களுக்கு இடையே தண்டில் சிதறி இருக்கும். தமிழ்நாட்டுக் கண்மாய்களைச் சீமைக் கருவேலம் என்ன செய்தது என்று தெரிந்தவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். பஹ்ரைனின் ஜபல் துகானுக்கு அருகே வெறும் பாலையில் நிற்கும் 'வாழ்வின் மரம்' நானூறு வயதுடையதாகச் சொல்லப்படுகிறது. அதுவும் இந்தக் குடும்பம்தான்.

காஃபைக் கொல்லும் எளிய வழி அதைப் புல்தரையின் நடுவில் வைத்து நாள்தோறும் தண்ணீர் விடுவது. வேர் பிடித்த பிறகு அதை மறந்துவிடலாம். அதுதான் அதன் பராமரிப்பு. அதன் கிளைகள் தரையை நோக்கித் தொங்குவது இயல்பு. குடைபோல நிற்க வேண்டும் என்று கீழ்க்கிளைகளைச் சீவினால் தண்டு வெயிலில் வேகும்.

சித்ர் என்ற இலந்தை, உள்நாட்டுக் கருவேல வகையான சமுர், ஹஜர் மலைகளில் இயற்கையாக வளரும் காட்டு முருங்கை ஆகியவையும் இந்த மண்ணின் பிள்ளைகள். வேம்பு வந்தேறியானாலும் பழகிவிட்டது. மக்காவுக்கு அருகே அரபாத் வெளியில் ஹஜ் யாத்திரிகர்களின் நிழலுக்காக ஆயிரக்கணக்கில் வேம்புகள் நிற்கின்றன. எங்கள் முருங்கையும் இங்கே நன்றாக வரும், வேரில் தண்ணீர் நில்லாமல் பார்த்தால் போதும்.

தமாஸ் என்று சொல்லப்படும் மரம் வேறு கதை. சோமாலியாப் பக்கத்திலிருந்து வந்தது. மூன்று வருடத்தில் மதில் உயரத்துக்கு மேலே பச்சைத் திரை கட்டிவிடும். வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. அதன் வேர் தண்ணீரைத் தேடிக் கழிவுக் குழாயின் பொருத்துக்குள் நுழையும், மதிலைத் தூக்கும், பக்கத்து வீட்டு நீச்சல் தடாகத்தையும் வெடிக்க வைக்கும். வளைகுடா முழுக்க இதே முறைப்பாடு. வாடகை வீட்டில் இருப்பவர் இதை நடவே கூடாது. வெளியேறும்போது குழாய்ச் செலவு வைப்புப் பணத்திலிருந்து கழியும். அப்படிக் கழிந்த ஒருவரின் கணக்கை நாங்களே பார்த்திருக்கிறோம். ஏற்கனவே நிற்குமானால் குழாய்ப் பக்கத்துத் தண்ணீரை நிறுத்தி மறுபக்கம் மட்டும் விடுங்கள்.

பேரீச்சைக்கு ஒரு எதிரி: சிவப்புக் கூன்வண்டு. ஊரில் தென்னையைத் துளைக்கிற அதே வண்டு, 1980களின் நடுப்பகுதியில் வளைகுடாவுக்குள் வந்தது. புழு உள்ளேயே இருந்து தின்னும். வெளியே தெரியும்போது பாதி மரம் போயிருக்கும். தண்டில் பழுப்பு நிறப் பிசின் வடிவது, புளித்த நாற்றம், மென்ற நார் வெளியே தள்ளப்பட்டிருப்பது, நடுக்குருத்து சாய்வது ஆகியவை குறிகள். வெட்டுக்காயத்தின் மணம் வண்டை இழுக்கும். ஆகவே ஓலை வெட்டுவதையும் பக்கக் கன்று பிரிப்பதையும் குளிர்மாதங்களில் செய்து, காயத்துக்கு மருந்து பூச வேண்டும். பச்சை ஓலையைக் கண்டபடி சீவி மரத்தை அன்னாசிப்பழம்போல ஆக்குவதைப் பெருநாளுக்கு முன் அழகென்று செய்கிறார்கள். அது வண்டுக்கு அழைப்பு. நோய் கண்ட மரத்தை வளவில் போட்டு வைக்காமல் நகராட்சிக்கு அறிவிக்க வேண்டும்.

நடும் காலம், வேலை செய்யும் காலம்

ஒக்டோபர் பாதியிலிருந்து பெப்ரவரி வரை நட்டால் கோடை வரும் முன் வேர் ஓட நேரம் கிடைக்கும். மே மாதம் திறப்புவிழா இருக்கிறது என்பதற்காக ஏப்ரலில் நட்ட மரங்கள்தான் எங்கள் ஒக்டோபர் வவுச்சரில் அதிகம் வந்தவை. பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேரை நடும்போது வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருடத்தில் அந்த வேரே தண்டை நெரிக்கும். தண்டு வேராக விரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். தாங்கு கம்பைக் கட்டியவர்கள் ஒரு வருடத்தில் அவிழ்க்க மறந்துவிடுவார்கள். கயிறு பட்டைக்குள் புதைந்த மரங்களை எத்தனையோ கண்டோம்.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கத் தடை. கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை 10 முதல் 3.30 வரை. மர வேலைக்கு இந்தத் தடை நேரம் எந்த இழப்பும் இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் மரத்துக்குச் செய்யக்கூடிய நல்ல காரியம் எதுவும் கிடையாது. நண்பகலில் கிளை வெட்டினால் உள்ளே மறைந்திருந்த பட்டை வெந்துவிடும், தண்ணீர் விட்டால் சுடும். இதைச் சொல்லியும் 'முடித்துவிட்டுப் போ' என்று ஆட்களை நிறுத்திய மேலாளர் ஒருவரை நாங்கள் அறிவோம். அந்த வருடம் மயங்கி விழுந்த இருவரின் மருத்துவச் செலவை 'பல்வகைச் செலவு' என்று பதியச் சொன்னார்கள். பதிந்தோம். அதைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பெரிய திட்டங்களின் எண்கள் எங்களுக்குத் தலைசுற்றும். 2019 இல் அறிவித்த பசுமை ரியாத் திட்டத்துக்கு 75 இலட்சம் மரங்கள். 2021 இல் அறிவித்த சவூதி பசுமை முன்னெடுப்புக்குப் பல பத்தாண்டுகளில் 1,000 கோடி மரங்கள். இந்த எண்கள் நடுகையின் எண்கள். கணக்காளராக நாங்கள் கேட்பது, மூன்றாவது கோடை முடிந்த பிறகு நிற்பவை எத்தனை, ஒவ்வொன்றுக்கும் போன தண்ணீர் எவ்வளவு என்பதுதான். வீட்டில் மூன்று மரம் வைத்திருப்பவரும் இதே இரண்டு நிரலை ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். தண்ணீர்க் கட்டணம் திடீரென்று ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது நிலத்தடிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று. மரம் கூடக் குடிக்கவில்லை.

கடைசியாக, செப்டெம்பரில் அவசரப்பட வேண்டாம். கடுங்கோடையில் பல மரங்கள் தங்களைக் காக்க இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பொறியியலாளரின் பட்டியல் வந்ததும் லொறி வந்து பிடுங்கிக்கொண்டு போகும், எங்களிடம் வவுச்சர் வரும். ஒரு சுள்ளியை வளைத்துப் பாருங்கள். மடக்கென்று ஒடியாமல் வளைந்தால் உயிர் இருக்கிறது. பிறகு கிளையிலும் அடிமரத்திலும் நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உப்பைக் கீழே தள்ள ஒரு இரவு ஆழமாகத் தண்ணீர் விட்டு, பசளை எதுவும் போடாமல், நவம்பர் நடுப்பகுதி வரை விட்டுவையுங்கள். பட்டியலில் இருந்த வேம்பு ஒன்றை அந்தப் போர்மன் இப்படித்தான் லொறிக்காரரிடமிருந்து மறித்து வைத்தார். நவம்பர் இரண்டாம் கிழமை அது அடிமரத்திலிருந்தே செந்தளிர் விட்டது. அதற்காக ஏற்கனவே எழுதிய வவுச்சரை நாங்கள் இரத்துச் செய்தோம்.